அடுத்த பஸ் வரும் என்ற நம்பிக்கை

(புனேவில் தமிழ் அன்பர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊர் டவுன் பஸ்ஸைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அதில் ஏறும் கூட்டத்தைப் பற்றியும், அந்தக் கூட்டத்துக்குள் நாம் ஒருவரிடம் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் பேசப் போகிறேன். இதைச் சின்ன விஷயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் என்ற இரட்டை நகரங்களில் பி.எம்.பி.எம்.எல். என்ற நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் பஸ்களில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்து லட்சம் முறை ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். சாதி, மதம், மொழி, சம்பளம் எதையும் கேட்காமல் முன்பின் தெரியாதவர்களை இவ்வளவு நெருக்கமாக நிறுத்திவைக்கிற இடம் இந்த நகரத்தில் வேறு இல்லை. அங்கே நாம் எப்படி நிற்கிறோம் என்பதுதான் நம் பொது வாழ்க்கையின் உண்மையான அளவு.

பஸ் நெரிசலைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். ஒரு குரல், “நம் ஜனங்களுக்கு ஒழுங்கே கிடையாது” என்று சொல்லும். இன்னொரு குரல், “பஸ்ஸே விடாமல் ஒழுங்கைப் பற்றி என்ன பேச்சு” என்று கேட்கும். முதல் குரல் பெரும்பாலும் பஸ்ஸில் போகாதவர்களுடையது. இரண்டாவது, பஸ்ஸில் நசுங்கிப் போகிறவர்களுடையது. இரண்டாவது குரலின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஆனால் அங்கேயே நின்றுவிட மாட்டேன். பஸ் குறைவாக இருப்பதனாலேயே, இருக்கிற பஸ்ஸில் நாம் நடந்துகொள்ளும் விதம் இன்னும் முக்கியமாகிறது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

மனிதர்கள் ஏன் முண்டியடிக்கிறார்கள்? ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசியை ஒட்டி இந்த நகரம் பார்க்கிற காட்சியில் அதற்கு விடை இருக்கிறது. ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும், தேஹுவிலிருந்து துக்காராம் பல்லக்கும் புறப்பட்டு வந்து, பவானி பேட்டிலும் நானா பேட்டிலும் தங்கிப் பண்டரிபுரம் நோக்கிப் போகின்றன. கூடவே நடப்பவர்கள் லட்சக்கணக்கில். அவர்களை விரட்டி ஒழுங்குபடுத்தவா முடியும்? அவரவர் திண்டி என்று ஒரு குழு இருக்கிறது. அந்தத் திண்டிக்கு எண் இருக்கிறது. பல்லக்கைச் சுமக்கும் ரதத்துக்கு முன்னால் எத்தனையாவது, பின்னால் எத்தனையாவது என்று இடம் வகுத்திருக்கிறது. தன் இடம் தனக்கு நிச்சயம் என்று அறிந்தவர், முன்னால் போகிற கிழவியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டிய தேவை இல்லை. வழியில் எதிர்ப்படுபவரை ‘மாவுலி’ (தாயே) என்று அழைத்துக் காலைத் தொட அவருக்கு நேரமும் மனமும் இருக்கின்றன.

அதே மனிதர் ஊர் திரும்பி, திங்கட்கிழமை காலை ஸ்வார்கேட்டில் பஸ் ஏறும்போது முழங்கையால் வழி பிடிக்கிறார். இந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று அவருக்குத் தெரியாது. தாமதமானால் அரை நாள் கூலி போகும். குழாயில் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் வருகிற தெருவில் குடத்துக்குக் குடம் இடிக்கும். நாள் முழுதும் வருகிற தெருவில் யாரும் சண்டை போடுவதில்லை. பஸ் நிறுத்தத்திலும் நிச்சயமின்மைதான் நம்மைத் தள்ள வைக்கிறது. அதை நீக்கினால் பாதி ஒழுங்கு தானாகவே வரும்.

இந்த நிச்சயமின்மை எங்கிருந்து வந்தது? 1940-களில் புனேவில் ஒரு தனியார் கம்பெனி நகரப் பஸ்களை ஓட்டியது. 1950-ல் மாநகராட்சி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அப்படி வந்த பி.எம்.டி. என்ற பெயரைப் பழைய புனேக்காரர்கள் இன்னும் விடவில்லை. பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கம் தொழிற்சாலைகள் பெருகியபோது அங்கே பி.சி.எம்.டி. வந்தது. 2007-ல் இரண்டையும் சேர்த்து பி.எம்.பி.எம்.எல். ஆக்கினார்கள். ஆனால் மக்கள் பெருகிய அளவுக்குப் பஸ்கள் பெருகவில்லை.

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் நகரப் போக்குவரத்துக்கு அளவுகோல் ஒன்று வகுத்திருக்கிறது. ஆயிரம் பேருக்கு 0.6 பஸ், அதாவது லட்சம் பேருக்கு 60 பஸ் இருந்தால் அது நல்ல சேவை. 2011 கணக்கெடுப்பில் புனே மாநகராட்சியில் 31 லட்சம் பேர், பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் 17 லட்சம் பேர். இரண்டும் சேர்ந்து 48 லட்சம். இந்த அளவுகோலின்படி அன்றைக்கே ஏறத்தாழ 2,900 பஸ்கள் ஓடியிருக்க வேண்டும். அதற்குப் பின் வாகோலி, தாயரி, மாஞ்சரி போன்ற புறநகர்கள் எப்படிப் பெருகிவிட்டன என்று உங்களுக்கே தெரியும். இன்றும் நாள்தோறும் சாலைக்கு வருகிற பஸ்கள் 2,000-ஐ ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கின்றன. அந்தப் பஸ்களும் நகர எல்லையோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள கிராமங்களுக்கும் போய்வருகின்றன. 2025 ஜூன் 1 முதல் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாய் ஆகியிருக்கிறது. நாள் பாஸ் 70 ரூபாய், மாத பாஸ் 1,500 ரூபாய். வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவுக்கும், கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் இது சிறிய தொகை இல்லை. அவர்கள் காசு கொடுத்து வாங்குவது ஒரு கம்பியைப் பிடித்துக்கொள்ளும் உரிமையை மட்டும் என்று ஆகிவிடக் கூடாது.

ஆகவே நெரிசலுக்கு முதல் பொறுப்பு யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நகரத்தை ஆள்பவர்களுடையது. ஆனால் நாமும் அறியாமல் செய்கிற ஒரு காரியம், இருக்கிற பஸ்களையும் குறைத்துவிடுகிறது. எப்படி என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு தடத்தில் 30 நிறுத்தங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இறங்குகிறவர்களை விடாமல் நாம் ஏறப் பார்ப்பதாலும், வாசலிலேயே நின்றுவிடுவதாலும் 20 விநாடி வீணாகிறது. மொத்தம் 600 விநாடி, அதாவது 10 நிமிடம். போய்வர 20 நிமிடம். 2 மணி நேரத்தில் போய்வர வேண்டிய பஸ், 2 மணி 20 நிமிடம் எடுத்துக்கொள்ளும். 14 மணி நேரம் ஓடினால் 7 நடை போக வேண்டிய பஸ் 6 நடைதான் போகும். இப்படி ஏழு பஸ்கள் ஓடுகிற தடத்தில் ஒரு பஸ்ஸை நாமே டிப்போவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று ஆகிறது. எரிபொருள் செலவாகிறது, டிரைவர் சம்பளம் செலவாகிறது, பஸ் மட்டும் இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. அரை மணி நேரம் பஸ்ஸே வராது. பிறகு ஒரே எண்ணில் மூன்று பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் பஸ்ஸில் மூச்சு விட இடம் இருக்காது, மூன்றாவது காலியாகப் போகும். டிப்போக்காரர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நாம் திட்டுவோம். கார்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1964-லேயே இதை ஆராய்ந்து விளக்கிவிட்டார்கள். ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் காத்திருப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். அவர்கள் ஏற அதிக நேரம் ஆகிறது, தாமதம் வளர்கிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆள் குறைகிறது, அது சீக்கிரம் வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. தொடங்கி வைப்பது சிறிய தாமதம்தான். நிரம்பி வழியும் முதல் பஸ்ஸின் படியில் நாலு பேர் தொற்றிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு விநாடியும் அந்தத் தாமதத்தை வளர்க்கிறது. பின்னாலேயே காலி பஸ் ஒன்று வருவது கண்ணுக்குத் தெரிந்தால், அதில் ஏறுங்கள். உங்களுக்கும் இருக்கை கிடைக்கும், முன்னால் போகிற பஸ்ஸில் நசுங்குகிறவர்களுக்கும் மூச்சு கிடைக்கும். 2024-ல் வந்த ‘ஆப்லி பி.எம்.பி.எம்.எல்.’ செயலியில் பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க முடிகிறது. அடுத்த பஸ் வரும் என்று தெரிந்தவர் படியில் தொங்க மாட்டார். இந்தச் செயலியைப் பயன்படுத்தத் தெரிந்த இளைஞர்கள், நிறுத்தத்தில் நிற்கிற பெரியவர்களிடம், “காகா, உங்கள் பஸ் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் அதுவே பெரிய உதவி.

இனி ஏறுவதிலிருந்து இறங்குவது வரை சொல்கிறேன். தமிழ்நாட்டு டவுன் பஸ்களில் பெண்கள் முன்வாசல், ஆண்கள் பின்வாசல் என்று பழகி வந்தவர்கள் நம்மில் பலர். புனேவில் முறை வேறு. பின்வாசலில் ஏறி, முன்வாசலில் இறங்க வேண்டும். ஒரே திசையில் ஆட்கள் நகர்ந்தால் நடுவில் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. புதிதாக ஊருக்கு வந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சச்சரவு குறையும். நடு வாசல் உள்ள பஸ்ஸோ, தனிப்பாதையில் ஓடும், வலப்பக்கமும் கதவு திறக்கிற பி.ஆர்.டி. பஸ்ஸோ எதுவானாலும், இறங்குகிறவர்கள் இறங்கிய பிறகு ஏற வேண்டும் என்ற ஒரு விதி எல்லாவற்றுக்கும் பொது. உள்ளே இருப்பவர் வெளியே வந்தால்தானே நமக்கு இடம்?

ஏறியதும் செய்ய வேண்டியது உள்ளே நகர்வது. கண்டக்டர் ‘புடே சரகா, புடே சரகா’ (முன்னே நகருங்கள்) என்று தொண்டை வறளக் கத்துவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நடுவில் நாலு பேர் நிற்க இடம் இருக்கும். வாசலில் பத்துப் பேர் அடைத்துக்கொண்டிருப்பார்கள். இறங்கும்போது வழி கிடைக்காதோ என்ற பயம் அவர்களுக்கு. அது நியாயமான பயம்தான். உள்ளே போனவர் வெளியே வர வழி விடுவோம் என்ற உறுதியை நாம் ஒருவருக்கொருவர் கொடுத்தால்தான் அந்தப் பயம் போகும். “நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னவருக்குத் திரும்பி வழி விடுங்கள்.

முதுகில் மாட்டிய பையோடு நிற்கிற இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மடிக்கணினிப் பை முதுகில் இருந்தால் உங்களுக்குத் தெரியாமலே இன்னொரு ஆளின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. நீங்கள் திரும்பும்போது உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் இடிக்கிறது. கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது காலடியில் வையுங்கள். சந்தைக் கூடையும் அரிசி மூட்டையும் கொண்டுவருகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அவர்களுக்கு அந்தப் பஸ்தான் வண்டி. மூட்டையை இருக்கைக்கு அடியில் தள்ள ஒரு கை கொடுத்தால் வழி தானே கிடைக்கும்.

கைப்பேசியில் பாட்டும் வீடியோவும் எல்லோருக்கும் கேட்கும்படி வைப்பது இப்போது பெரிய தொல்லையாகிவிட்டது. 2023-ல் மும்பையின் பெஸ்ட் பஸ் நிர்வாகம், காதுக்கருவி இல்லாமல் பஸ்ஸில் ஒலி எழுப்பக் கூடாது என்று தடையே விதித்தது. இரவுப் பணி முடித்துத் திரும்புகிற செவிலியர் ஒருவர் பத்து நிமிடம் கண்ணை மூட நினைத்திருப்பார். அதையும் நாம் பறிக்க வேண்டுமா? ஜன்னல் வழியாகப் புகையிலை எச்சிலைத் துப்புகிறவர்களிடமும் சொல்கிறேன்: உங்கள் ஜன்னலுக்குக் கீழே ஸ்கூட்டரில் ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார். இரண்டு சக்கர வண்டிகள் நிறைந்த இந்த நகரத்தில் அது எப்போதும் யாராவது ஒருவர் மேல்தான் விழும்.

இருக்கைகளுக்கு வருவோம். இங்கே பஸ்ஸின் இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனியே ஒதுக்கியிருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடுவதுபோல் பார்ப்பதை நாம் நிறுத்த வேண்டும். யாராவது இடம் கேட்டால், காரணம் கேட்காமல் எழுந்திருங்கள். வெளியில் தெரியாத வலிகள் உண்டு. மூட்டு வலி முகத்தில் எழுதியிருக்காது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில்தான் மயக்கமும் வாந்தியும் அதிகம், ஆனால் அப்போது வயிறு வெளியே தெரியாது. ஜப்பானில் இதற்காகவே 2006-ல் கர்ப்பிணிகள் பையில் மாட்டிக்கொள்ள ஓர் அடையாள வில்லையை அரசு வகுத்தது. நமக்கு வில்லை வேண்டாம். ‘கொஞ்சம் உட்காரட்டுமா’ என்று கேட்கிற ஒரு குரல் போதும். கேட்கத் தயங்குகிறவர்கள் பலர் இருப்பதால், பார்த்ததும் நாமே எழுந்துவிடுவது அதனினும் நல்லது.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கடுமையானால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைச் சாக்காக வைத்து ஒரு பெண்ணின் உடலைத் தீண்டுவது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75-ஆம் பிரிவுகள் அதற்கென்றே இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பஸ்ஸில் பெண்களை முறைப்பதும் சீண்டுவதும் கண்டக்டர் இறக்கிவிடவும் போலீசில் ஒப்படைக்கவும் போதுமான தவறுகள் என்று எழுதிவைத்தது. புனேவில் 2018 மார்ச் 8 அன்று பெண்களுக்கு மட்டுமான ‘தேஜஸ்வினி’ பஸ்கள் வந்தன. அவற்றை வரவேற்கிறேன். ஆனால் பெண்கள் போகிற எல்லாப் பஸ்ஸும் தேஜஸ்வினி ஆக முடியாது. எல்லாப் பஸ்ஸிலும் அவர்கள் அச்சமின்றிப் போக வேண்டும். அது பக்கத்தில் நிற்கிற ஆண்களாகிய நம் கையில் இருக்கிறது. ஒரு பெண் குரல் எழுப்பினால், “சும்மா விடம்மா, கூட்டத்தில் பட்டிருக்கும்” என்று சமாதானம் சொல்லாதீர்கள். அவள் பக்கம் போய் நில்லுங்கள். கண்டக்டரை அழையுங்கள், தேவையானால் 112-க்குப் பேசுங்கள். குரல் எழுப்ப முடியாமல் சுருங்கி நிற்கிற பள்ளிப் பெண்ணைப் பார்த்தால், “இங்கே வா தாயி, இந்தப் பக்கம் நில்லு” என்று இடம் மாற்றிக் கொடுங்கள். அப்போதே தப்பு செய்கிறவன் கையை இழுத்துக்கொள்வான்.

படிக்கட்டில் தொங்குவதைப் பற்றி தமிழ்நாட்டுப் பஸ்களில் எழுதியிருந்த எச்சரிக்கை வாசகம் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு படியில் பயணம் செய்வதைத் தடுக்கிறது. அப்படி ஏற்றிச்செல்வதும் தவறு என்கிறது. பையன்கள் சிலர் இதை வீரமாக நினைக்கிறார்கள். வீட்டில் தாய் சோறு மூடி வைத்துக் காத்திருக்கிறாள் என்பதை அவர்கள் மறக்கக் கூடாது. இடமில்லாமல் படியில் நிற்கிறவரையும் வேடிக்கைக்காகத் தொங்குகிறவரையும் நான் ஒன்றாகப் பேசமாட்டேன். முன்னவருக்கு உள்ளே நிற்கிற நாம் இன்னும் ஓரடி நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும்.

கண்டக்டரையும் டிரைவரையும் நினைத்துப் பாருங்கள். பஸ் பற்றாக்குறைக்கு அவர்கள் காரணமில்லை, ஆனால் நம் கோபம் முழுவதும் அவர்கள் தலையில் விழுகிறது. எழுபது பேருக்கு நடுவே நீந்தி டிக்கெட் கொடுக்கிறவரிடம் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, சில்லறை இல்லையென்றால் சண்டை போடுகிறோம். சில்லறையைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு ஏறலாம். இப்போது கைப்பேசி வழியாகவும் பணம் கட்ட முடிகிறது. கண்டக்டர்களும் பயணியை “மாவ்ஷி”, “தாதா” என்று மரியாதையாக அழைத்தால், வண்டிக்குள் இருக்கும் சூடு பாதி தணியும். மரியாதை இரண்டு பக்கமும் ஓட வேண்டியது.

இவ்வளவு சொல்கிறேனே, இதெல்லாம் வெறும் நாகரிகமா? இதற்குள் ஒரு நீதி இருக்கிறது. கூட்டம் நெருக்கும்போது பஸ்ஸிலிருந்து முதலில் வெளியே தள்ளப்படுவது யார்? தள்ளத் தெரியாதவர்கள். வயதானவர்கள், கைக்குழந்தையோடு நிற்கும் தாய், ஊன்றுகோலோடு வருபவர், பார்வையற்றவர். நம்மில் பலசாலிகள் ஏறிவிடுகிறோம். அவர்கள் ஒரு பஸ், இரண்டு பஸ், மூன்று பஸ் விட்டுவிட்டு, கடைசியில் ஆட்டோவுக்குக் கடன் வாங்குகிறார்கள் அல்லது மருத்துவமனைக்குப் போவதையே தள்ளிப்போடுகிறார்கள். யாரும் “ஏறாதே” என்று பலகை வைக்கவில்லை. ஆனாலும் அவர்களால் ஏற முடியவில்லை.

அப்படி வெளிப்படையாகவே தடுத்த காலமும் தமிழ்நாட்டில் இருந்தது. ராமநாதபுரம் ஜில்லாவில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகள் இருந்தார்கள். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜில்லா போர்டு தலைவராக இருந்த பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கிற பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். காசு கொடுத்தால் எவரும் ஏறலாம் என்று இன்று நாம் சாதாரணமாக நினைப்பதை, ஒருவர் அதிகாரத்தைத் துணிந்து பயன்படுத்தி வாங்கித் தந்தார். இந்தப் புனேவும் அந்த மரபுக்கு அந்நியமில்லை. 1868-ல் மகாத்மா ஜோதிராவ் ஃபுலே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டது இந்த நகரத்தில்தான். பொதுவானது எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக அவர்கள் போராடினார்கள். சட்டம் திறந்து வைத்த கதவை நம் முழங்கைகள் மறுபடி அடைத்துவிடக் கூடாது.

அடுத்து, இந்த அரங்குக்குச் சொந்த வண்டியில் வந்தவர்களிடம் பேச வேண்டும். 2018-ல் புனேவில் பதிவான வண்டிகள் 36 லட்சத்தைத் தாண்டி, மக்கள்தொகையையே மிஞ்சிவிட்டதாகக் கணக்கு வந்தது. ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. பஸ்ஸில் நெரிசல் என்று ஒருவர் ஸ்கூட்டர் வாங்குகிறார். ஸ்கூட்டர்கள் பெருகச் சாலை நெரிகிறது. சாலை நெரியப் பஸ் தாமதமாகிறது. பஸ் தாமதமாக இன்னொருவர் ஸ்கூட்டர் வாங்குகிறார். இதில் இன்னோர் இழப்பும் இருக்கிறது. எழுதவும் பேசவும் அதிகாரிகளைக் கேட்கவும் தெரிந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டால், உள்ளே இருப்பவர்களின் குறை யார் காதிலும் விழுவதில்லை. பஸ் ஏழைகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால், ஏழைகளுக்கும் நல்ல பஸ் கிடைக்காது.

2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையில் வண்டிகள் நகர்வதைவிட மனிதர்கள் நகர்வதே முக்கியம் என்று தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில், காத்ரஜ்–ஸ்வார்கேட்–ஹடப்சர் தடத்தில், இந்தியாவிலேயே முதன்முதலாகப் பஸ்ஸுக்குத் தனிப்பாதை போட்டுப் பார்த்த நகரம் புனே. 2015-ல் ‘ரெயின்போ’ பி.ஆர்.டி. வந்தது. பிறகு நகர் ரோட்டில் அந்தத் தனிப்பாதையின் ஒரு பகுதியை இடித்தும்விட்டார்கள். அறுபது பேர் போகிற பஸ்ஸுக்குத் தனிப்பாதை அதிகப்படி என்றும், ஒருவர் போகிற காருக்கு அந்த இடம் வேண்டும் என்றும் தீர்மானிப்பது கணக்குக்கும் ஒவ்வாது, நியாயத்துக்கும் ஒவ்வாது. அதைக் கேள்வி கேட்கப் பஸ் பயணிகள் போதுமான எண்ணிக்கையில் திரளவில்லை என்பதே என் வருத்தம்.

திரண்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஊரிலேயே உதாரணம் உண்டு. 2012 நவம்பர் 1 அன்று சகாள் நாளிதழ் முன்னின்று ‘பஸ் டே’ நடத்தியது. அன்று ஒரு நாள் வழக்கத்தைவிட அதிகப் பஸ்கள் சாலைக்கு வந்தன. வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நகரத்தார் பஸ் ஏறினார்கள். பஸ் இருந்தால் புனேக்காரர் ஏறுவார் என்று அந்த நாள் காட்டியது. ஒரு நாள் முடிந்தது எல்லா நாளும் ஏன் முடியாது என்று கேட்கும் கடமை அன்றிலிருந்து நமக்கு இருக்கிறது.

நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி மும்பையில் பெஸ்ட் பஸ் நிறுத்தங்களில் வரிசையாக நின்று ஏறும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அவர்களும் இதே மராட்டிய மண்ணின் மக்கள், நம் போன்ற தமிழர்களும் அவர்களில் நிறையப் பேர். ஒழுங்கு ஒரு ஊருக்கு வரம் இல்லை, இன்னொரு ஊருக்குச் சாபமும் இல்லை. நாலு பேர் தொடங்கினால் ஐந்தாவது ஆள் பின்னால் வந்து நிற்பார். நம் பேட்டையில் அந்த நாலு பேராக நாம் இருக்கலாம்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, நாளைக் காலை பஸ் ஏறும்போது இறங்குகிறவருக்கு வழி விடுங்கள், உள்ளே நகருங்கள், தள்ளத் தெரியாதவரை முன்னால் ஏற்றிவிட்டுப் பிறகு ஏறுங்கள். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது பஸ்ஸில் போங்கள். அப்போதுதான் அதன் குறை உங்கள் குறையாகும்.

இரண்டாவது, உங்கள் நிறுத்தத்தில் பஸ் வருகிற நேரத்தை ஒரு வாரம் குறித்துவையுங்கள். தட எண், நேரம், ஏற முடியாமல் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். கட்கிக்காரர்கள் கட்கிக்கு, தேஹு ரோடுக்காரர்கள் தேஹு ரோடுக்கு. குடியிருப்புச் சங்கத்தின் கையெழுத்தோடு பி.எம்.பி.எம்.எல். தலைமை அலுவலகத்துக்கும், உங்கள் பகுதி மக்கள் பிரதிநிதிக்கும் அனுப்புங்கள். பஸ் வேண்டும், தனிப்பாதை வேண்டும், நிழலும் பலகையும் உள்ள நிறுத்தம் வேண்டும் என்று கேளுங்கள். மராத்தியில் எழுதத் தெரிந்தவர்கள் இந்த அரங்கிலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டு மராட்டியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் தமிழர் நெரிசல், மராட்டியர் நெரிசல் என்று தனித்தனியாக இல்லை.

அடுத்த பஸ் நேரத்துக்கு வரும் என்ற உறுதியை நகரம் நமக்குத் தர வேண்டும். வந்த பஸ்ஸில் உங்களுக்கும் இடம் உண்டு என்ற உறுதியை நாம் ஒருவருக்கொருவர் தர வேண்டும். முதலாவதைக் கேட்டு வாங்குவோம். இரண்டாவதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை, நாளைக் காலையிலிருந்தே கொடுக்கத் தொடங்கலாம்.